அடிக்கடி வரும் வாய்ப்புண்: எந்தக் கொப்பளிப்பு எதற்கு, எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மருந்துக் கடையில் போய் “வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்க ஏதாவது தாங்க” என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது குளோர்ஹெக்சிடின் குப்பி. வீட்டில் கேட்டால் உப்புத் தண்ணீர். பல் மருத்துவர் எழுதித் தந்தால் பென்சிடமின், புண் விடாமல் வந்துகொண்டிருந்தால் தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்கும் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. இந்த நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒன்று வாயைக் கழுவும், ஒன்று கிருமியை அடக்கும், ஒன்று வலியை மரக்கவைக்கும், ஒன்று அழற்சியையே தணிக்கும். எதற்காக வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கினால் “இதுவும் கேக்கல, அதுவும் கேக்கல” என்று குப்பி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதில் இன்னொரு கண்கட்டும் உண்டு. சாதாரண வாய்ப்புண் மருந்தே போடாவிட்டாலும் 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். வலி கொல்வது முதல் மூன்று நான்கு நாள். பொறுக்க முடியாமல் ஐந்தாம் நாள் புது மருந்து வாங்குகிறோம், ஏழாம் நாள் வலி விடுகிறது, பெயர் அந்த மருந்துக்குப் போகிறது. மணத்தக்காளிக் கீரை, தேன், ஜெல், மாத்திரை எல்லாவற்றுக்கும் “எனக்கு இதுதான் கேட்டது” என்று சொல்ல ஆள் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். கடைசியாகப் போட்டதற்குப் பெயர் கொடுக்காமல் ஒப்பிடும் வழி கீழே இருக்கிறது.

முதலில், இது அந்தப் புண்தானா?

கண்ணாடி முன் நின்று கைபேசி விளக்கை வாய்க்குள் அடித்து, கீழுதட்டை விரலால் மடித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் சாதாரணப் புண் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். நடுவில் வெளிர் மஞ்சள் படலம், சுற்றிலும் சிவப்பு வளையம். விளிம்பு மெத்தென்றிருக்கும், தொட்டால் சுரீர் என்று வலிக்கும். வரும் இடம் உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரமும் அடியும், நாக்குக்குக் கீழே உள்ள தளம். ஆறத் தொடங்கும்போது மஞ்சள் படலத்துக்கு முன்னால் சிவப்பு வளையம்தான் மங்கும். வளையம் மங்கியதும் வலி பாதியாகிவிடும். இதைக் கவனித்து வையுங்கள், பின்னால் குறித்துக்கொள்ள உதவும்.

பல்லோடு ஒட்டிய ஈறிலோ மேலண்ணத்தின் கடினமான பகுதியிலோ சின்னச் சின்னதாகக் கூட்டமாக வந்து, முதலில் நீர்க்கொப்புளமாக இருந்து உடைந்திருந்தால் ஹெர்பிஸ் வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஸ்டீராய்டு கொப்பளிப்பு ஆகாது. தயிர்த் திப்பி ஒட்டியதுபோல் வெள்ளை படிந்து, துணியால் துடைத்தால் வந்துவிட்டால் அது பூஞ்சை. சின்னப் பிள்ளைக்கு வாயோடு சேர்ந்து கையிலும் காலிலும் கொப்புளம் இருந்தால் அது பள்ளிக்கூடத்தில் பரவும் வைரஸ் காய்ச்சல். முந்திரி ஆலையில் அண்டி உடைப்பவர்களுக்கு உதட்டில் வருவது பல நேரம் தோட்டு எண்ணெய் பட்டு வெந்த காயம். சாப்பிட உட்காருமுன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவதுதான் அதற்குத் தடுப்பு.

அளவு பார்க்க ஸ்கேல் வாய்க்குள் போகாது. கடுகு ஏறக்குறைய 2 மி.மீ., நல்லமிளகு 4 முதல் 5 மி.மீ., வெள்ளைக் கொண்டைக்கடலை 8 முதல் 10 மி.மீ. இந்த மூன்றையும் மனதில் வைத்தால் போதும். கொண்டைக்கடலையைத் தாண்டிவிட்டால் அது பெரிய வகைப் புண். ஆற வாரக்கணக்கில் ஆகும், தழும்பும் விழும். அதைக் கடையில் கேட்டு வாங்கும் குப்பியோடு விடக் கூடாது.

கொப்பளிப்பதில் நடக்கும் தவறு

தலையை அண்ணாந்து கரகரவென்று இரைப்பது தொண்டைக்கு. கீழுதட்டுப் புண்ணில் அப்போது ஒரு சொட்டும் நிற்காது. மருந்தை வாயில் விட்டு, தாடையைத் தாழ்த்தி, புண் இருக்கும் பக்கம் தலையைச் சாய்த்து, அங்கேயே தேக்கி வைக்க வேண்டும். நாக்கடியில் புண் என்றால் நாக்கு நுனியை மேலே தூக்கி வையுங்கள். கன்னத்தில் என்றால் அந்தப் பக்கக் கன்னத்தை மட்டும் உப்பி, இடையிடையே மெதுவாக அசையுங்கள். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியைக் கழுவி வைத்துக்கொண்டால் 10 மி.லி., 15 மி.லி. அளக்க வசதி. நேரத்தைக் கைபேசிக் கடிகாரத்தில் பாருங்கள். மனதுக்குள் எண்ணினால் எல்லாருக்கும் 30 விநாடி 15 ஆகிவிடுகிறது.

ஒவ்வொன்றும் என்ன செய்யும்

உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் மருந்து அல்ல. உணவுத் துணுக்கைக் கழுவி, படலத்தைச் சுத்தமாக வைக்கும், அவ்வளவே. ஆனால் அதையே சரியாகச் செய்பவர் குறைவு. உடம்பின் நீர்மத்துக்கு ஒத்த உப்பு 0.9 சதவீதம். 200 மி.லி. தம்ளர் தண்ணீருக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தூள் உப்பு என்றால் 5 மி.லி. ஸ்பூனில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், தலை தட்டி. கல்லுப்பில் ஸ்பூன் அளவு ஏறுக்குமாறாக வரும், அடியில் கரையாமல் நிற்கும் பரல் புண்ணில் பட்டால் உயிர் போகும். கல்லுப்புதான் இருக்கிறது என்றால் முழுதும் கரைத்து, தெளிந்ததை மட்டும் எடுங்கள். “எரிந்தால்தான் கேட்கும்” என்று இரண்டு ஸ்பூன் போடுவது தவறு. எரிச்சல் ஆறுவதற்கு அடையாளம் அல்ல. இளஞ்சூடாக, சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் செய்யலாம்.

உப்பே எரிகிறது என்றால் ஆப்பச் சோடாவுக்கு மாறுங்கள். அரைத் தம்ளர், அதாவது 100 முதல் 120 மி.லி. தண்ணீரில் ஒரு சிறு ஸ்பூன். வாயின் புளிப்பைத் தணிக்கும், பலருக்கு உப்பைவிட இதமாக இருக்கும். ஆப்பச் சோடா வேறு, துணி துவைக்கும் சலவைச் சோடா வேறு. சலவைச் சோடா வாயை வேகவைத்துவிடும். பொட்டலத்தில் பெயர் ஒட்டாமல் சமையலறையில் வைக்கவே வைக்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டையும் விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம்தான் அதிகம் விற்பது, அதிகம் வீணாவதும் இதுதான். இது கிருமிக்கொல்லி. புண் இருக்கும் நாட்களையும் வலியின் கடுமையையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. புதுப் புண் வராமல் தடுக்கும் என்று நம்ப இடமில்லை. அளவு 10 மி.லி., 30 விநாடி முதல் ஒரு நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. தண்ணீர் கலக்க வேண்டுமா என்பதைக் குப்பி மேல் படித்துப் பாருங்கள்.

இது வீணாவது இரண்டு வழியில். பல் துலக்கிய கையோடு கொப்பளித்தால், பற்பசையின் நுரைப்பொருள் இதைச் செயலிழக்கச் செய்துவிடும். துலக்கி, தண்ணீரால் நன்றாக அலசி, அரை மணி நேரம் விட வேண்டும். அடுத்தது, கொப்பளித்ததும் “கசக்குது” என்று தண்ணீர் விட்டு அலசுவது. பல்லிலும் தோலிலும் ஒட்டி நின்று மெதுவாக வேலை செய்வதே இந்த மருந்தின் பலம், அதை அங்கேயே கழுவி விட்டுவிடுகிறோம்.

பிறகு கறை. ஒட்டி நிற்கும் மருந்தோடு தேயிலைச் சாயம் சேர்ந்து பல் பழுப்பாகும், நாக்கும் கறுக்கும். ஒரு நாளைக்கு நாலு கட்டன் சாயா குடிக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் இந்தக் குப்பியைக் கொடுப்பது நியாயமில்லை. காலைச் சாயாவுக்கும் பகல் சாயாவுக்கும் நடுவில் ஒரு முறை, இரவில் எல்லாம் முடித்துப் படுக்குமுன் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் கறை வெகுவாகக் குறையும். விழுந்த கறையைப் பல் மருத்துவர் சுத்தம் செய்து எடுத்துவிடலாம், அதற்காகப் பயந்து பல்லை அழுத்தித் தேய்க்காதீர்கள். சுவை மாறித் தெரிவதும் நிறுத்தினால் சரியாகும். இரண்டு வாரத்துக்கு மேல் தானாகத் தொடரக் கூடாது. கொப்பளித்ததும் முகம் வீங்கினாலோ உடம்பில் தடித்தாலோ மூச்சு முட்டினாலோ அது ஒவ்வாமை. அரிதுதான், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

பென்சிடமின் 0.15 சதவீதம் வலிக்கு. ஆறும் நாளை இது குறைக்காது, அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். 15 மி.லி. எடுத்து 30 விநாடி, தேவைப்பட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் கொப்பளித்தால் கஞ்சியும் பயறும் நிம்மதியாக இறங்கும். முதலில் சுரீர் என்று எரிந்து பிறகு மரத்துப்போகும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் சம அளவு தண்ணீர் கலக்கலாம். மரத்த வாயோடு சூடான மரச்சீனிக் கிழங்கை வைத்தால் வெந்தது தெரியாது, கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது, அங்கே அடுத்த புண் வரும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் இதைத் தவிர்க்க வேண்டும். ஒரு வாரம் போதும்.

அடிக்கடி வருபவர்களுக்கு உண்மையில் வித்தியாசம் காட்டுவது ஸ்டீராய்டு கொப்பளிப்புதான் என்பது எங்கள் கணிப்பு. இதை மருத்துவர் எழுதாமல் வாங்கக் கூடாது. வழக்கமான முறை: 0.5 மி.கி. பீட்டாமெத்தசோன் மாத்திரை ஒன்றை 10 முதல் 20 மி.லி. தண்ணீரில் கரைத்து, மூன்று நிமிடம் புண் மேல் தேக்கி, துப்பிவிட வேண்டும். புண் இருக்கும் நாட்களில் நாலு முறை வரை. கரைய வேண்டுமானால் மாத்திரை சோடியம் பாஸ்பேட் உப்பாக இருக்க வேண்டும். அட்டையில் அந்தச் சொல் இருக்கிறதா பாருங்கள். வேறு வகை தண்ணீரில் மாவாக அடியில் தங்கிவிடும், மேலே இருக்கும் தண்ணீரைத்தான் கொப்பளிப்பீர்கள். தொடங்க வேண்டிய நேரம் புண் திறந்த பிறகு அல்ல, அந்த இடம் குறுகுறுவென்று கூசி, சிவந்து, லேசாகத் தடிக்கும்போதே. அடிக்கடி வருபவர்களுக்கு அந்தக் கூச்சம் நன்றாகத் தெரியும். முதல் நாளில் தொடங்குவதற்கும் நாலாம் நாளில் தொடங்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கொப்பளித்தபின் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். விழுங்கினால் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதாகவே ஆகும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த நாட்களில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாயில் வெள்ளைத் திப்பி படிந்தால் பூஞ்சை வந்துவிட்டது, நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிலருக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. மருந்தை 10 மி.லி. தண்ணீரில் கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் வைத்துத் துப்பச் சொல்வார்கள், நாளுக்கு நாலு முறை, மூன்று நாள். இதுவும் சீட்டு இருந்தால் மட்டும். கர்ப்பிணிகளுக்கும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கிடையாது. பாலோ இரும்பு மாத்திரையோ சாப்பிட்ட கையோடு வேண்டாம், அவை மருந்தைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுப்புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட் திரவத்தையும் சில மருத்துவர்கள் கொப்பளிக்க எழுதுவார்கள், அது புண்ணின் மேல் பூச்சாகப் படியும். மற்ற மருந்தெல்லாம் முடிந்தபின் கடைசியாக அதை வைக்க வேண்டும், முதலில் வைத்தால் அடுத்த மருந்து புண்ணைத் தொடாது.

நாட்டு முறைகளில் தேங்காய்ப்பாலை வாயில் தேக்கி வைப்பது இதமாக இருக்கும், கெடுதலும் இல்லை. மார்த்தாண்டம் தேனைப் புண் மேல் தொட்டு வைக்கலாம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் எந்த வடிவிலும் கூடாது. தோவாளைப் பக்கம் பூவுக்காக வளர்க்கும் பிச்சியின் இலையைக் கொதிக்கவைத்துக் கொப்பளிப்பது பழைய வழக்கம். செய்பவர்கள் பூச்சிமருந்து அடிக்காத செடியிலிருந்து பறிக்க வேண்டும். அரிமேதாதி தைலம் போன்றவற்றைக் கோட்டார் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுச் செய்யலாம். படிகாரத்தைக் கட்டியாகப் புண்ணில் வைத்துத் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். வாய் மணக்க விற்கும் ஆல்கஹால் கலந்த குப்பிகளும் புண் இருக்கும்போது வேண்டாம்.

ஒப்பிட ஒரு நோட்டு

பழைய நாட்காட்டித் தாள் போதும். ஒவ்வொரு புண்ணுக்கும் கூச்சம் தொடங்கிய நாள், இடம், கடுகா மிளகா கடலையா என்ற அளவு, கொப்பளிக்கத் தொடங்கிய நாள், சிவப்பு வளையம் மங்கிய நாள், முழுதும் ஆறிய நாள் ஆகியவற்றை எழுதுங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், தினமும் ஒரே வேளையில், சொல்லப்போனால் பகல் சாப்பாட்டின் முதல் வாயில். புளியும் வத்தலும் சேர்ந்த சாளைக் கறி அன்று 8 என்று விழும், கஞ்சி அன்று 3 என்று விழும், அதனால் பக்கத்தில் உணவையும் எழுதுங்கள்.

வலி மருந்தை ஒரே நாளில் சோதித்துவிடலாம்: கொப்பளிக்குமுன் எண் என்ன, 15 நிமிடம் கழித்து என்ன. ஆறும் வேகத்தை அப்படிப் பார்க்க முடியாது. முதல் மூன்று புண்ணுக்கு உப்புத் தண்ணீர் மட்டும் என்று வைத்து, எத்தனை நாளில் ஆறுகிறது என்று பாருங்கள். உங்கள் வாயின் இயல்பு அதுதான். பிறகு மூன்று புண்ணுக்கு ஒரே மருந்து, ஒவ்வொரு முறையும் முதல் நாளிலிருந்தே. சராசரி 10 நாள் 6 ஆனால் அது கேட்கிறது. 10 நாள் 9 ஆனால் அது வெறும் ஏற்ற இறக்கம். இடையில் பற்பசை, மாத்திரை எதையும் சேர்த்து மாற்றாதீர்கள், எது கேட்டது என்று தெரியாமல் போய்விடும். ஒரு மாதத்தில் எத்தனை புண் வந்தது என்பதையும் தனியாக எண்ணுங்கள். எந்தக் கொப்பளிப்பும் பெரும்பாலும் குறைக்காத எண் அதுதான்.

அந்த எண்ணைக் குறைப்பது

முதலில் பற்பசையின் பின்பக்கம். சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் இல்லாத பசைக்கு மாறி மூன்று மாதம் பாருங்கள். பலருக்குப் புண் குறைகிறது, செலவும் இல்லை. கூரான பல், தளர்ந்த பல்செட்டு, கம்பி உரசும் இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தால் அதை ராவிச் சரிசெய்யாமல் எந்த மருந்தும் பயன்படாது. ஏத்தங்காய் சிப்ஸின் விளிம்பு கீறுவதும், பச்சை அன்னாசி அரிப்பதும், வாய் ஏற்கெனவே கூசும் நாட்களில் புண்ணாக மாறும்.

அடுத்தது இரத்தம். முழு இரத்த அணு எண்ணிக்கை, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, ஃபோலேட் இந்த நான்கும் அடிக்கடி வருபவர்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டியவை. மீன் முட்டை தொடாதவர்கள், மெட்ஃபார்மின் நெடுநாளாகச் சாப்பிடும் நீரிழிவுக்காரர்கள், மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போகும் பெண்கள் ஆகியோருக்குக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். இஸ்ரேலில் நடத்தி 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையை நாக்கடியில் வைத்து ஆறு மாதம் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசி மாதத்தில் புண்ணே இல்லை. இரத்தத்தில் பி12 அளவு சரியாக இருந்தவர்களுக்கும் பலன் இருந்தது. இதை மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. கொப்பளிப்புக்குச் செலவிடும் காசை ஒரு முறை இந்தப் பரிசோதனைக்குப் போடுவது மேல்.

இதற்கு மேல் காத்திருக்கக் கூடாது

மூன்று வாரம் தாண்டியும் ஆறாத ஒற்றைப் புண், வலியே இல்லாமல் விளிம்பு கெட்டியாக இருக்கும் புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்போல் அகலத் திறக்காமை, கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கொப்பளிப்பை ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்துப் பல் மருத்துவரிடமோ காட்டுங்கள். சதை எடுத்துப் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். மேற்கொண்டு போக வேண்டுமானால் திருவனந்தபுரம் மண்டல புற்றுநோய் மையம் நமக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது.

வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவந்து வலித்தல், மூட்டுவலி, எடை குறைதல், இரத்தத்தோடு கழிச்சல் என்று வேறு எது சேர்ந்தாலும் அதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். போகும்போது நோட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். நெஞ்சுவலிக்குத் தரும் நிக்கோரண்டில் வாயில் புண் உண்டாக்கும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டிய மீத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டுவிட்டால் முதலில் வாய்தான் வேகும். அப்படி இருந்தால் அடுத்த மாத்திரையை வாயில் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.